செண்டுமல்லிக்கு எரு: அளந்து போட்டால் பூ, அள்ளிப் போட்டால் இலை



தீர்த்தமலை, அரூர் சுற்று வட்டாரத்தில் நம் உறுப்பினர்கள் பலர் குழுக் கடன் வாங்கி 10 சென்ட், 25 சென்ட், அரை ஏக்கர் என்று செண்டுமல்லி வைக்கிறார்கள். சில ஊரில் இதைத் துலுக்க சாமந்தி என்கிறோம், சில ஊரில் கேந்திப்பூ என்கிறோம். பெயர் எதுவானாலும் பூ ஒன்றுதான். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று பண்டிகைக்குப் பண்டிகை கேட்கிற பூ. நாற்று நட்ட 60 நாளில் பணம் காட்டுகிற பயிர். அதனால்தான் சிறு நிலம் வைத்திருக்கிற பெண்களுக்கு இது கை கொடுக்கிறது.

ஆனால் குழுக் கூட்டங்களில் ஒரு வருத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. "செடி இடுப்பு உயரம் வளர்ந்திருக்கு, கரும்பச்சையா பார்க்கவே அழகா இருக்கு, ஆனா பூ மட்டும் வரலையே மேடம்" என்கிறார்கள். என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டால், "யூரியா ஒரு மூட்டை போட்டோம், பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் போட்டோம்" என்று பதில் வருகிறது. எவ்வளவு நிலம் என்று கேட்டால் 25 சென்ட்!

இங்கேதான் பிரச்சனை. அந்தச் செடி பட்டினி கிடக்கவில்லை. அளவுக்கு மீறித் தின்றுவிட்டு, பூக்க மறந்து இலையாக வளர்ந்து நிற்கிறது. பண்டிகை போன பிறகு பூத்தால் யாருக்கு லாபம்? கடன் தவணை மட்டும் சரியான தேதிக்கு வந்து நிற்கும். எனவே இந்த இதழில் செண்டுமல்லிக்கு என்ன எரு, எவ்வளவு, எப்போது, எப்படி என்பதை நம் சென்ட் கணக்கிலேயே பார்ப்போம்.

செடிக்கு என்ன சத்து வேண்டும்?

செண்டுமல்லி நம் நாட்டுப் பூ இல்லை. மெக்சிகோ நாட்டில் பிறந்து கடல் கடந்து வந்த செடி. சுமாரான மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். நம் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் நன்றாகவே வரும். பிழைக்க அதிகம் கேட்காது. நிறையப் பூக்க வேண்டும் என்றால்தான் சரிவிகித உணவு கேட்கும். நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

தழைச்சத்து: இலை, தண்டு, கிளை வளர்வதற்கு. யூரியாவில் இருப்பது இது மட்டுமே. வேறு எந்தச் சத்தும் யூரியாவில் கிடையாது.

மணிச்சத்து: வேர் ஓடுவதற்கும், மொட்டு கட்டுவதற்கும். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. இரண்டிலும் இருக்கிறது. மண்ணில் போட்ட இடத்திலேயே நிற்கும், அதிகம் நகராது. அதனால் நடும்போதே வேர் போகிற இடத்தில் போட்டுவிட வேண்டும். செடி வளர்ந்த பிறகு மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேராது.

சாம்பல் சத்து: தண்டு உறுதிக்கும், நோய் தாங்குவதற்கும், வறட்சி தாங்குவதற்கும். பூ கெட்டியாக, எடையாக இருப்பதற்கும் இது வேண்டும். பொட்டாஷில் இருக்கிறது. நம் பெண்கள் அதிகம் விட்டுவிடுகிற உரம் இதுதான். "விலை ஜாஸ்தி" என்று விட்டுவிடுகிறோம்.

இந்த மூன்றோடு சுண்ணாம்புச் சத்து, கந்தகம், இரும்பு, துத்தநாகம் ஆகியவையும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். நல்ல மக்கிய தொழு உரம் போட்ட நிலத்தில் இவை பெரும்பாலும் கிடைத்துவிடும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் சேர்ந்தே வருகிறது.

யூரியா மட்டும் ஏன் அதிகம் விழுகிறது? காரணம் எளிது. அரசு மானியத்தால் 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. போட்ட ஒரு வாரத்தில் செடி பச்சை காட்டுகிறது. மலிவாகவும் இருக்கு, வேலை செய்வது கண்ணுக்கும் தெரியுது. சூப்பரும் பொட்டாஷும் மண்ணுக்கடியில் வேலை செய்கின்றன. அது உடனே கண்ணுக்குத் தெரியாது, பூ எடைபோடும் நாளில்தான் தெரியும்.

முதல் வேலை: மண் பரிசோதனை

டாக்டர் ரத்தம் பார்த்த பிறகுதானே மாத்திரை எழுதுகிறார்? மண்ணுக்கும் அப்படித்தான். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் மூலம் பலருக்கு அட்டை கிடைத்திருக்கும். அது டிரங்குப் பெட்டிக்குள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லாதவர்கள், அல்லது அட்டை பழையதாகிவிட்டவர்கள், புதிதாக மண் எடுத்துக் கொடுங்கள்.

மண் எடுக்கும் முறை:

1. முந்தின பயிர் அறுவடை முடிந்து, புதிய எரு போடுவதற்கு முன்பு எடுக்க வேண்டும்.

2. வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி பக்கம், தண்ணீர் தேங்கும் இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது.

3. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 இடத்தில், மேலே உள்ள புல், சருகை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுங்கள்.

4. எல்லாவற்றையும் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, நான்கு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தை ஒதுக்கி விடுங்கள். மீதியை மறுபடி கலந்து இப்படியே செய்து அரை கிலோ வரும்வரை குறையுங்கள். உரச்சாக்கு வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் உரம் முடிவையே மாற்றிவிடும்.

5. நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், அடுத்து வைக்கப்போகும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

வட்டார தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ கொடுத்தால் வழி சொல்வார்கள். பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். தனித்தனியாக அலையாமல், ஒரு குழுவில் பூ வைக்கும் எல்லோர் மண்ணையும் சேர்த்து ஒருவரே கொண்டுபோய்க் கொடுத்தால் பஸ் செலவு மிச்சம்.

அட்டையில் ஒவ்வொரு சத்துக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று போட்டிருக்கும். நடுத்தரம் என்றால் கீழே சொல்லியிருக்கும் அளவு. குறைவு என்றால் பொதுவாகக் கால் பங்கு கூட்டலாம். அதிகம் என்றால் கால் பங்கு குறைக்கலாம். வருடா வருடம் டி.ஏ.பி. போட்டு வந்த தக்காளி நிலத்தில் மணிச்சத்து ஏற்கெனவே சேர்ந்து கிடக்கலாம். அப்படி இருந்தால் மறுபடி காசு போட்டு வாங்குவது வீண்தானே?

அடி எரு: இதுதான் அஸ்திவாரம்

உழுவதைவிட எரு போடுவது நல்லது என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். செண்டுமல்லிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு எக்டருக்கு 25 டன் தொழு உரம். நம் கணக்கில் ஏக்கருக்கு 10 டன், 10 சென்ட்டுக்கு 1 டன். கடைசி உழவில் போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும்.

எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் உதிர வேண்டும், சாண நாற்றம் அடிக்கக் கூடாது, தொட்டால் சூடு இருக்கக் கூடாது. பச்சைச் சாணம் போட்டால் வேர்ப்புழுவும் களை விதையும் கூடவே வரும். களை எடுக்கும் கூலி யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும்!

அவ்வளவு எரு கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? கிடைக்கும் எருவை நிலம் முழுக்கத் தூவாமல், பார் போடும் இடத்தில் மட்டும் போடுங்கள். மண்புழு உரம் தயாரிக்கும் குழுக்கள் இருந்தால் அவர்களிடம் வாங்கிச் சேருங்கள், காசு நம் கூட்டமைப்புக்குள்ளேயே சுற்றும். ஆட்டுக் கிடை போட முடிந்தால் இன்னும் நல்லது. கிடை போட்ட நிலத்தில் ஆட்டுப் புழுக்கையோடு மூத்திரமும் இறங்கியிருக்கும். அதனால் அடி உரத்தில் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

கோழி எருவில் ஒரு எச்சரிக்கை! நாமக்கல் பக்கத்திலிருந்து லாரியில் வரும் கோழி எரு சத்து மிகுந்தது, சூடும் மிகுந்தது. பச்சையாகப் போட்டால் இளம் நாற்று கருகிவிடும். குவித்து, தண்ணீர் தெளித்து, மக்க வைத்த பிறகே போடுங்கள். தொழு உரம் போடுகிற அளவுக்கு இதைப் போடக் கூடாது.

ரசாயன உரம்: நம் சென்ட் கணக்கில்

பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு அடியுரமாக 45 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல் சத்து. நட்ட 45-ம் நாள் மேலுரமாக இன்னும் 45 கிலோ தழைச்சத்து. இதைக் கடையில் வாங்கும் உரமாக மாற்றினால்:

10 சென்ட்டுக்கு
அடியுரம்: சூப்பர் பாஸ்பேட் 22.5 கிலோ, பொட்டாஷ் 5 கிலோ, யூரியா 4 கிலோ.
45-ம் நாள் மேலுரம்: யூரியா 4 கிலோ.

25 சென்ட்டுக்கு
அடியுரம்: சூப்பர் பாஸ்பேட் 56 கிலோ, பொட்டாஷ் 12.5 கிலோ, யூரியா 10 கிலோ.
45-ம் நாள் மேலுரம்: யூரியா 10 கிலோ.

1 ஏக்கருக்கு
அடியுரம்: சூப்பர் பாஸ்பேட் 225 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ, யூரியா 40 கிலோ.
45-ம் நாள் மேலுரம்: யூரியா 40 கிலோ.

கவனித்தீர்களா? 25 சென்ட்டுக்கு நடவு முதல் முடிவு வரை மொத்த யூரியா 20 கிலோதான். ஒரு மூட்டையில் பாதிகூட இல்லை! முழு மூட்டையைக் கொட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பாருக்குப் பார் 45 செ.மீ., செடிக்குச் செடி 35 செ.மீ. இடைவெளியில் நட்டால் 25 சென்ட்டில் சுமார் 6,400 செடி இருக்கும். மேலுரம் 10 கிலோவை அத்தனை செடிக்கும் பங்கு போட்டால் ஒரு செடிக்கு ஒன்றரை கிராம் வருகிறது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை! கைப்பிடியால் அள்ளி வைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குழம்புக்கு உப்பு போடுகிற கை நம்முடையது. அந்தக் கணக்கு வயலில் மட்டும் ஏன் தவற வேண்டும்?

மூட்டையின் எடையையும் பாருங்கள். 2018-க்கு முன் யூரியா மூட்டை 50 கிலோ. இப்போது 45 கிலோ. சூப்பர், பொட்டாஷ், டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை. "ஒரு மூட்டை" என்று பேசாமல் "இத்தனை கிலோ" என்று பேசப் பழகுங்கள்.

எந்த நாளில் என்ன வேலை?

விதைக்கும்போது: நாட்டு ரக விதை ஏக்கருக்கு 600 கிராம் போதும், 25 சென்ட்டுக்கு 150 கிராம். ஆறிய சோற்றுக் கஞ்சியில் அசோஸ்பைரில்லம் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கவும். இது காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர். ரசாயன உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது. பாக்கெட் மீது காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள்.

நடவு நாள்: விதைத்த 30-ம் நாள் நாற்று தயார். பார் ஓரத்தில் சிறு சால் கிழித்து அடியுரத்தைப் போட்டு மண்ணால் மூடி, அதற்குப் பக்கத்தில் நடவும். உரத்தின் மேலேயே வேர் படும்படி நட்டால் நாற்று வாடும்.

நட்ட 30-ம் நாள்: களை எடுத்து, நுனிக் கொழுந்தைக் கிள்ளி விடுங்கள். நுனி போனால் பக்கக் கிளை வெடிக்கும். கிளை கூடினால்தான் பூ கூடும். செலவே இல்லாத உரம் இது! கூலி ஆள் இல்லாவிட்டால் குழு உறுப்பினர்கள் முறை வைத்து ஒருவர் நிலத்துக்கு ஒருவர் போய்க் கிள்ளிக் கொடுக்கலாம்.

நட்ட 45-ம் நாள்: மேலுரம். செடியின் தண்டை விட்டு நான்கு விரல் தள்ளி வைத்து, மண் அணைத்து, உடனே தண்ணீர் கட்டவும். காய்ந்த மண்ணில் மேலாகத் தூவிவிட்டு மழை வரும் என்று காத்திருந்தால் சத்து காற்றோடு போய்விடும். கொட்டுகிற மழைக்கு முன் போட்டால் தண்ணீரோடு போய்விடும். மணல் கலந்த நிலமாக இருந்தால் மேலுரத்தை இரண்டாகப் பிரித்து 15 நாள் இடைவெளியில் கொடுங்கள்.

நட்ட 60-ம் நாள் முதல்: பூப்பறிப்பு. இந்தக் கட்டத்தில் யூரியா பக்கம் போகாதீர்கள். தெளிக்க விரும்புபவர்கள் பஞ்சகவ்யம் 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி வீதம் வடிகட்டி மாலை நேரத்தில் தெளிக்கலாம்.

ஆக, விதை போட்டதிலிருந்து முதல் பூ வரை சுமார் 90 நாள். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டும் என்றால் ஆனி மாதமே நாற்றங்கால் விட வேண்டும். பொங்கலுக்கு வேண்டும் என்றால் புரட்டாசிக் கடைசியில். மேலுரத்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் இந்த 90 நாள் கணக்கு தள்ளிப்போகும். பண்டிகைக்குப் பத்து நாள் கழித்துப் பூக்கிற பூவின் விலை என்ன என்று தர்மபுரி மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பியவர்களுக்குத் தெரியும். சில நாள் பறிகூலிகூடத் தேறாது.

இலையைப் பார்த்தால் குறை தெரியும்

அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, செடி முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. ஆனால் யூரியா எடுக்க ஓடுவதற்கு முன் வேர்ப்பக்கம் கையால் தோண்டிப் பாருங்கள். சொதசொதவென்று ஈரம் நின்றாலும் இலை மஞ்சளாகும். அப்போது வடிகால் வெட்டுவதுதான் வைத்தியம்.

செடி குட்டையாக நின்று, இலையில் ஊதா நிறம் ஓடினால் மணிச்சத்துக் குறைவு.

அடி இலையின் ஓரம் தீயில் காட்டியது மாதிரி காய்ந்து வந்தால் சாம்பல் சத்துக் குறைவு.

கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு அதிகமுள்ள நிலத்தில் இது வரும். அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலையில் தெளிக்கவும்.

கரும்பச்சை இலை, மெத்தென்ற தண்டு, மொட்டு குறைவு, அசுவினியும் சிலந்திப்பேனும் வந்து மொய்த்தல் இவையெல்லாம் சேர்ந்து வந்தால் தழைச்சத்து அதிகம். இப்படிப்பட்ட செடி காற்று மழைக்கு உடனே சாயும். அதற்கு மருந்து கடையில் இல்லை. யூரியாவை நிறுத்துவதுதான் ஒரே வழி.

நீங்கள் கேட்ட கேள்விகள்

சூப்பர் கிடைக்கவில்லை, டி.ஏ.பி. போடலாமா?
போடலாம். ஆனால் டி.ஏ.பி.யில் மணிச்சத்தோடு தழைச்சத்தும் இருக்கிறது. அதனால் அடியுர யூரியாவைக் குறைக்க வேண்டும். 25 சென்ட்டுக்கு டி.ஏ.பி. 20 கிலோ, யூரியா 2 கிலோ, பொட்டாஷ் அதே 12.5 கிலோ. மேலுரம் மாறாது.

கடையில் 17:17:17 தான் கொடுக்கிறார்கள், என்ன செய்ய?
மூட்டை மேல் உள்ள மூன்று எண்ணும் முறையே தழை, மணி, சாம்பல் சத்து. 100 கிலோவில் ஒவ்வொன்றும் 17 கிலோ இருக்கிறது என்று அர்த்தம். 10 சென்ட்டுக்கு இது 10.5 கிலோ, கூடவே சூப்பர் 11 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ சேர்த்தால் அடியுரம் சரியாகிவிடும். தனியாக யூரியா வேண்டாம்.

அடுப்புச் சாம்பல் போடலாமா?
தாராளமாக. விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு. ஆனால் சாணத்தோடோ யூரியாவோடோ கலந்து வைக்காதீர்கள். தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். தனியாகக் கொஞ்சமாக மண்ணில் தூவிக் கிளறி விடுங்கள்.

யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கு கலக்க வேண்டுமா?
முன்பு அப்படிச் செய்தோம், சத்து மெதுவாகக் கரையட்டும் என்று. 2015 முதல் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதனால் கட்டாயம் இல்லை. ஆனால் வேப்பம் புண்ணாக்கை அடி எருவோடு போடுவது மண்ணுக்கு நல்லதுதான்.

சொட்டு நீர் போட்டிருக்கிறோம், உரம் எப்படி?
சூப்பர் பாஸ்பேட்டை நடும்போதே மண்ணில் போட்டுவிடுங்கள், அது தண்ணீரில் முழுசாகக் கரையாது, குழாய் அடைக்கும். யூரியாவையும், தண்ணீரில் கரையும் வெள்ளைப் பொட்டாஷையும் வாரா வாரம் சிறிது சிறிதாகக் கரைத்து விடலாம். மொத்த அளவைக் கூட்ட வேண்டாம். வீரிய ஒட்டு ரகம் வைத்தவர்கள் இடைவெளிக்கு விதைப் பாக்கெட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

கவனம்! வீட்டையும் மாட்டையும் பாருங்கள்

யூரியா கரைத்த தண்ணீர் பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தாகத்தில் வந்த ஆடு மாடு அதைக் குடித்தால் வயிறு உப்பி, துடித்து, சில மணி நேரத்தில் செத்துவிடும். கறவை மாட்டுக் கடனும் வைத்திருக்கிற நமக்கு இது இரட்டை நஷ்டம். கரைத்த பக்கெட்டை, டிரம்மை அப்படியே வைத்துவிட்டு வராதீர்கள். மாடு குடித்துவிட்டால் தாமதிக்காமல் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

உரச்சாக்கைக் கழுவிவிட்டோம் என்று அதில் கேழ்வரகு, நெல் கட்டி வைக்க வேண்டாம். உரம் தொடும்போது கையுறை போடுங்கள். கை வெடிப்பு, புண் உள்ளவர்கள் கட்டாயம் போட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே தண்ணீர் குடிக்கவும்.

இன்னொன்று. செடி எடுத்தது போக மிச்சமுள்ள யூரியா எங்கே போகிறது? மழையோடு இறங்கிக் கிணற்றுக்கும் போருக்கும் போகிறது. நைட்ரேட் உப்பு அதிகமுள்ள தண்ணீரைக் கைக்குழந்தையின் பால் பவுடரில் கலந்து கொடுத்தால், குழந்தையின் ரத்தம் பிராண வாயு சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். நாம் வயலில் அள்ளிப் போடுவது நம் வீட்டுக் குடத்துக்கே திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கணக்கு எழுதுங்கள்

தமிழ்நாட்டில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது தொடங்கியபோது இன்றைய கிருஷ்ணகிரியும் நம் மாவட்டத்தோடுதான் இருந்தது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சேமிப்பையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வளர்ந்தவர்கள் நாம். சேமிப்பு எழுதுகிற கை எருக் கணக்கும் எழுதட்டும்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். அதில் எழுத வேண்டியவை: நிலம் எத்தனை சென்ட், நட்ட தேதி, எரு எத்தனை லோடு, எந்த உரம் எத்தனை கிலோ, போட்ட தேதி, விலை, நுனி கிள்ளிய தேதி, முதல் பூ பறித்த தேதி, ஒவ்வொரு பறிப்பிலும் எத்தனை கிலோ, விற்ற விலை. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 7 டன் வரை பூ எடுக்கலாம் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் நிலம் எவ்வளவு கொடுத்தது என்பது நோட்டு இருந்தால்தான் தெரியும். அடுத்த கடன் விண்ணப்பத்துக்கும் வங்கியில் இதைக் காட்டலாம்.

உரம் வாங்கும்போது கேட்டு பில் வாங்குங்கள். இப்போது மானிய உரம் கடையில் உள்ள மிஷினில் ஆதார் கைரேகை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். மூட்டை மேல் அச்சடித்த விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். யூரியா கேட்டால் கூடவே வேறு ஏதாவது பாட்டிலையும் வாங்கியே ஆக வேண்டும் என்று சொன்னால், வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

* யார் யார் இந்தப் பருவத்தில் செண்டுமல்லி வைக்கிறார்கள், எத்தனை சென்ட் என்று பட்டியல் எடுங்கள்.
* எல்லோருடைய மண் மாதிரியையும் ஒரே நாளில் எடுத்து ஒன்றாக அனுப்புங்கள்.
* மேலே உள்ள சென்ட் கணக்கைச் சத்தமாகப் படித்துக் காட்டி, அவரவர் நிலத்துக்கு எத்தனை கிலோ என்று அவரவர் நோட்டில் எழுதுங்கள்.
* சிறு நிலம் உள்ள மூன்று நான்கு பேர் சேர்ந்து மூட்டை வாங்கி, தராசில் எடைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.
* கடன் தொகையில் உரத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிகள் சொல்லிவிட்டுப் போனது யூரியாவுக்கும் பொருந்தும். அளந்து போடுவோம், எழுதி வைப்போம், பண்டிகைக்குப் பூ எடுப்போம், தவணையைத் தலை நிமிர்ந்து கட்டுவோம்!

வாழ்த்துக்களுடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்